ஆறா, பன்னிரண்டா

கே வாத்தியாருக்கு வலது கண்ணில் பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் மனைவி பாவ்ஜூவுக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது, இப்போது அழாவிட்டால் எப்போது அழுவது என்று கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் அவர், ஒரு கண்ணில் கட்டுடன், டாக்டர் ஒரு மடையன் என்றும், ஆபரேஷனை முதலிலேயே தைப்பேயில் செய்திருக்க வேண்டும் என்றும், அதை எடுத்துச் சொல்லத் துப்பில்லாத மனைவி வாய்த்தது தன் தலையெழுத்து என்றும் பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் ஏறும்போது படியின் உயரம் பிடிபடாமல் தடுமாறினார். அவள் தோளைக் கொடுத்தாள். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

தொழிற்பள்ளியில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் தைவானின் மேற்குக் கரையில், சிகு உப்பளப் பக்கம் அவரை யாரும் அதற்காகத் தெரிந்துவைத்திருக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கிலிருந்து கருமுகக் கரண்டிவாயன்கள் வந்து காயலிலும் பழைய உப்புப் பாத்திகளிலும் இறங்கும். வெள்ளை உடம்பு, கறுத்த முகம், சோற்றுக் கரண்டி மாதிரி நுனி அகன்ற அலகு. அவற்றைக் கணக்கெடுத்து, காவல் காத்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் தொண்டர் குழுவுக்கு அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். பறவையின் காலில் மாட்டிய அடையாள வளையத்தின் எண்ணை அவர் படித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தைநான் நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர் பறவை பார்க்கும் கொட்டகையில் நின்று பேசுவார். பாவ்ஜூ பின்னால் மேஜை போட்டு டீ ஊற்றுவாள்.

பேச்சின் நடுவில், கூட்டம் லேசாகச் சோர்கிற இடத்தில், அவர் எப்போதும் ஒரு கதை சொல்வார்.

"இதோ டீ ஊத்துறாங்களே, என் வீட்டம்மா. கல்யாணமான புதுசுல இங்கதான் கூட்டிட்டு வந்தேன். 'ஐயோ, ஒத்தைக் கரண்டிவாயன் பாவமா நிக்குதுங்க, அடிபட்டிருக்கும்போல'ன்னு ஒரே அழுகை. சேத்துல முழங்கால் புதைய நடந்து போய்ப் பாத்தா, மூங்கில்ல சிக்கின பிளாஸ்டிக் பை. அன்னிக்கு முடிவு பண்ணேன், இவங்க கையில கெட்டிலைத் தவிர எதையும் குடுக்கக் கூடாதுன்னு."

கூட்டம் சிரிக்கும். திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கும். முதல் சில வருஷங்கள் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பது போல உதட்டை வைத்துக்கொள்ளப் பழகினாள். கதை நடந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது, இப்போது அறுபத்து இரண்டு. கதையில் மட்டும் ஒரு சொல்கூட மாறவில்லை.

கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்பது வெறும் கதைக்காகச் சொன்னதில்லை. வீட்டில் மூன்று பைனாகுலர் இருந்தும் அவள் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அவள் காயலோரத்துக் கொட்டகையில் சிப்பி உடைக்கிறவள். சிப்பி நாற்றம் தோல்வாரில் ஏறிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம்.

கண் போன பிறகு அவர் பைனாகுலர்களைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு குழலை மட்டும் வைத்துப் பார்க்கலாமே என்று குழுவின் துணைத் தலைவர் பான் வந்து சொன்னபோது, பாதி செத்த ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிய மாட்டேன் என்று எரிந்து விழுந்தார். முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய ஸ்கோப் குழுவின் கொட்டகையில் இருந்தது. கரையில் அது போதும்தான். ஆனால் அந்த வருஷம் இன்னொன்று நடந்தது. கொரியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

கரண்டிவாயன்கள் குஞ்சு பொரிப்பது அங்கே, மேற்குக் கடலில் ஆளில்லாத பாறைத் தீவுகளில். இருபத்திரண்டு வருஷமாகக் குளிர்காலத்துப் பறவையை மட்டும் பார்த்தவர் கே வாத்தியார். கூட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அந்த ஊர்க் குழு ஜூன் மாதம் வரச் சொல்லி எழுதியிருந்தது. வாத்தியார், பான், உடன் ஒருவர். தீவில் இறங்க அனுமதி இல்லை, படகிலிருந்தேதான் பார்க்க வேண்டும். ஆடுகிற படகில் முக்காலி நிற்காது. கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மோனோகுலர் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. படகில் ஏற இறங்கத் தோள் கொடுக்க ஆள் தேவைப்பட்டதால் பாவ்ஜூவும் போவதென்று முடிவானது. அவள் டிக்கெட்டை அவள் சிப்பிக் கூலியிலேயே எடுத்துக்கொள்ளும்படி அவர் சொல்லிவிட்டார்.

மோனோகுலர் விற்கும் கடை தைநானில் ஒரு கோயிலுக்கு எதிரே மாடியில் இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நிதானமானவள். கண்ணாடிப் பெட்டிமேல் கறுப்புத் துணியை விரித்து ஐந்தாறு மோனோகுலர்களை வரிசையாக வைத்தாள். எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிறவை. மழை நனைந்தாலும் உள்ளே ஆவி படியாத வகை எது, மூக்குக்கண்ணாடி போட்டபடியே பார்க்க ஏற்றது எது என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஆறு மடங்கு பெரிதாக்குவது, வெளிச்சம் நுழைகிற முன்வாய் முப்பது மில்லிமீட்டர். இன்னொன்று பன்னிரண்டு மடங்கு, முன்வாய் இருபத்தைந்து. இரண்டாவது இன்னும் சின்னது, பார்க்கவும் கம்பீரமானது.

"ஐயா, ஆறை எடுத்துக்குங்க," என்றாள் அவள். "படகுலன்னு சொல்றீங்க. பன்னெண்டு மடங்கு பறவையைப் பெருசாக்கும், கூடவே கை நடுக்கத்தையும் பெருசாக்கும். பாக்குற வட்டமும் சின்னது, பறவையைத் தேடிப் புடிக்கிறதே பெரும்பாடு. மப்பு போட்டா இருட்டா வேற தெரியும்."

"நடுக்கமா? யாருக்கு நடுங்குது?"

"பொதுவாச் சொன்னேன், ஐயா."

"பத்து மடங்குல இருபது வருஷம் பாத்தவன்மா நான். ஆறுங்கிறது பள்ளிக்கூடப் புள்ளைங்க உல்லாசப் பயணம் போறப்ப கழுத்துல மாட்டிக்கிறது."

அந்தப் பெண் சொன்னதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. புதிதாகச் சேரும் தொண்டர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவரே அவர்தான். முன்வாயை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு கிடைக்கும் என்று. ஆனால் ஒரு கண் போன பிறகு அந்தக் கணக்கு அவருக்குள் வேறு மாதிரி ஓடியது. மிச்சமிருக்கிற கண் இரண்டு கண் வேலையைச் செய்ய வேண்டும் என்று வீட்டில் பல தடவை சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டை எடுத்து, முழங்கைகளைக் கண்ணாடிப் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது. சாப்பாட்டில் சூப்புக் கிண்ணத்தைத் தூக்கும்போது அவர் கை ஆடுவதைத் தினமும் பார்க்கிற பாவ்ஜூ, அந்த முழங்கைகளைக் கவனித்தாள்.

எழுந்து நின்று ஊன்றாமல் ஒரு தடவை பார்க்கும்படி கடைக்காரப் பெண் சொன்னாள். அவர் காதில் விழாதது போல இருந்தார். அவர் பாட்டுக்குப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, சும்மா நிற்கிறாளே என்ற நினைப்பில் அந்தப் பெண் ஆறை எடுத்துப் பாவ்ஜூவின் கையில் வைத்தாள்.

"நீங்களும் பாருங்கக்கா."

பாவ்ஜூ முதலில் துடைக்கத் துணி தேடி, கடைசியில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணில் வைத்தாள். கோயில் கூரையின் விளிம்பில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. வைத்த மாத்திரத்தில் அது வட்டத்தின் நடுவில் இருந்தது. வாலின் பிளவு, காற்றில் பிரிந்த ஒரு இறகு, அலகில் துடிக்கிற தட்டானின் கால்கள், கண்ணுக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் எல்லாம் அசையாமல் நின்றன. சிப்பி ஓட்டின் வாயில் கத்தியைச் செருகி ஒரே திருப்பில் பிளந்து பிளந்து, அவள் கை எதைப் பிடித்தாலும் உறுதியாகப் பிடிக்கக் கற்றிருந்தது.

வாய் திறந்தது திறந்தபடி நின்றாள். இவ்வளவு சுலபமா என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஏதோ பெரிய வித்தை, பிறவியிலேயே வர வேண்டும், தனக்கு அது வாய்க்கவில்லை என்றுதான் முப்பத்தெட்டு வருஷம் நம்பியிருந்தாள். யாராவது ஒரு தடவை கையில் கொடுத்திருந்தால் போதும். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு தோன்றியது எதுவும் நல்லதாக இல்லை.

"நீ என்ன சொல்ற?"

அவர் அவளைத்தான் கேட்டார். அவர் கையில் பன்னிரண்டு, அவள் கையில் ஆறு. அந்தக் குரலில் கேலி இல்லை. தெரிகிற கண்ணை அவள் முகத்தில் நிறுத்தி, ஒரு பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்தார். பறவை விஷயத்தில் அவளை அவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பயமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பன்னெண்டையே வாங்குங்க," என்றாள் பாவ்ஜூ. "உங்களுக்குப் போய் ஆறா?"

அவர் முகம் மலர்ந்தது. கடைக்காரப் பெண் பாவ்ஜூவை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து பில் போட்டாள்.

நான்கு நாள் கழித்துப் பாவ்ஜூ தனியாக அந்தக் கடைக்குப் போனாள். ஐயாவுக்கு மாற்றித் தர வேண்டுமா, ஒரு வாரம் வரைக்கும் மாற்றலாமே என்று அந்தப் பெண் ஆவலோடு கேட்டாள். மாற்றவெல்லாம் வேண்டாம், ஆறு தனக்கு என்று பாவ்ஜூ சொன்னாள்.

ஜனவரியில் கணக்கெடுப்பு. எல்லா இடத்திலும் ஒரே நாளில் எண்ணுவார்கள். காயலின் நடுவில் இருக்கிற மணல்திட்டைத் தெப்பத்தில் போய் எண்ணுவது எப்போதும் வாத்தியாரின் பங்கு. பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி மோட்டார் வைத்த தெப்பம் அது. ஓட்டுகிறவர், குறிப்பெழுத பான், வாத்தியார், அவருக்குத் தோள் கொடுக்கப் பாவ்ஜூ. வாடைக்காற்று முகத்தை அறுத்தது. தண்ணீரில் சிப்பி வளர்க்கும் மூங்கில் பந்தல்களைத் தாண்டியதும் அலை தெப்பத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

திட்டில் எண்பது தொண்ணூறு பறவைகள் காற்றுக்கு முதுகு காட்டி நின்றன. வாத்தியார் பன்னிரண்டைக் கண்ணில் வைத்தார். அதை வாங்கிய பின் வந்த இரண்டு மாதத்தில் மொட்டைமாடியில் அவர் பழகியதையெல்லாம் பாவ்ஜூ துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடிக்கவே அவருக்கு அரை நிமிஷம் ஆகும். இங்கே தொட்டி இல்லை, தரையும் நிற்கவில்லை. வானம், தண்ணீர், ஒரு வெள்ளைக் கோடு, மறுபடி வானம். அவருடைய வாய் ஓரம் இழுத்துக்கொண்டது. பான் பென்சிலோடு காத்திருந்தார்.

"இடது ஓரத்துல ஒண்ணு. பச்சை வளையம்," என்றார் வாத்தியார் கடைசியில். "டி, நாலு, ஏழு."

பான் எழுதினார். பாவ்ஜூ தன் கோட்டுப் பையிலிருந்து ஆறை எடுத்தாள். அவர் முன்னால் அதை எடுப்பது அதுதான் முதல் தடவை. இடது ஓரத்துப் பறவை அமைதியாக நடுவில் வந்து நின்றது.

"அது காலுல வளையம் இல்லீங்க," என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. "பாசி சுத்தியிருக்கு."

பான் தன் பைனாகுலரைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். தேவைக்கு மேல் வெகுநேரம். பிறகு எழுதிய வரியைப் பென்சிலால் அடித்தார். தெப்பக்காரர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாத்தியார் சிரித்தார். இவளுக்குப் பறவைகூடத் தெரிய ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டு, பிளாஸ்டிக் பைக் கதையைத் தொடங்கினார். சேற்றில் முழங்கால் புதைய நடந்தது வரைக்கும் வந்தார். யாரும் சிரிக்கவில்லை. கதையை முடிக்காமல் பாதியில் விட்டது அன்றுதான். மிச்சத்தைப் பான் எண்ண, பாவ்ஜூ சரிபார்த்தாள்.

வீட்டில் பால்கெண்டை மீன் போட்ட கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"அதை எப்ப வாங்குன?"

"நீங்க வாங்கின அதே வாரம்."

"ஆறா?"

"ஆறுதான்."

குடு பார்க்கலாம் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் அன்றைக்குக் கொடுத்திருப்பாள் என்றுதான் பிற்பாடும் நினைத்துக்கொண்டாள். அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அதற்குப் பிறகும் அவர் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். தப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்று அந்தப் பெண்ணின் முன்னால் நின்று சொல்ல வேண்டுமே. அவரால் அது முடியாது என்று பாவ்ஜூவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

ஜூன் முதல் வாரம் கொரியாவுக்குப் போனார்கள். படகு கரையை விட்டு இரண்டு மணி நேரம் ஓடியது. அந்த ஊர்க் குழுவின் தலைவி ஒரு நடுவயதுப் பெண். திருத்தமான சீன மொழியில், தீவருகே ஒரு மணி நேரம்தான் நிற்கலாம், பறவைகள் கலைந்தால் உடனே திரும்பிவிடுவோம் என்றாள். கடல் எண்ணெய் பூசினது போல வழவழப்பாக இருந்தது. ஆனால் அடியில் நீண்ட அலை ஒன்று படகை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது.

தீவு என்றால் ஒரு பெரிய பாறை. அதன் சரிவு முழுக்க வெள்ளை. நூறு மீட்டர் தள்ளிப் படகை நிறுத்தினார்கள். வாத்தியார் கைப்பிடிக் கம்பியோரம் மண்டியிட்டு, முழங்கையை அதில் ஊன்றி, பன்னிரண்டைக் கண்ணில் வைத்தார். கம்பியே ஆடியது. மோட்டாரின் அதிர்வு வேறு. கண்ணை எடுத்துவிட்டுப் பாறையைப் பார்ப்பார், மறுபடி வைப்பார், வட்டத்தில் தெரிவது பாறையாக இருக்காது. எழுந்து நின்று பார்த்தார், கம்பத்தில் சாய்ந்து பார்த்தார். பான் தன் பைனாகுலரை நீட்டியபோது அவரைப் பார்க்காமலே உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பெண் எதையும் கவனிக்காதவள் போல முன்பக்கம் போனாள். அந்த நாகரிகம்தான் அவரை அதிகம் சுட்டது.

பாவ்ஜூ பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கோரையை அடுக்கின கூடு ஒன்று, அதில் இரண்டு குஞ்சுகள். தாய் வந்து இறங்கியதும் ஒரு குஞ்சு தன் தலையைக் கழுத்துவரைக்கும் அதன் வாய்க்குள் நுழைத்தது. மற்றது முந்தியதன் முதுகில் ஏறி மிதித்தது. தாயின் நெஞ்சில் மஞ்சள் படர்ந்திருந்தது. குளிர்காலத்தில் அவள் பார்த்த பறவைக்கு அந்த மஞ்சள் கிடையாது.

"அதைக் கொஞ்சம் குடு."

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் பக்கத்தில் வந்து, பானுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இருங்க, பாத்துட்டுத் தர்றேன்."

அவர் நின்றார். அவள் பார்த்தாள். உண்மையில் அப்போது அவள் குஞ்சைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவர் நிற்பதை, நின்று காத்திருப்பதை, காத்திருக்கும்போது அவர் மூச்சு விடுகிற சத்தத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அது இனித்தது. ஒரு பத்து நிமிஷம் நிற்கட்டும், பிறகு கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பத்து நிமிஷம் அதிகமா என்ன.

"பாவ்ஜூ," என்றார் அவர். வீட்டில் அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏய் என்பார், அல்லது எதுவும் சொல்லாமல் பேச ஆரம்பித்துவிடுவார்.

"இன்னும் ஒரு நிமிஷம்."

மூடுபனி வந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். பாறையின் பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக ஒரு சாம்பல் சுவர் நகர்ந்துவந்தது. அது என்னவென்று அவள் புரிந்துகொள்வதற்குள் சரிவின் மேல்பாதி காணாமல் போனது. சட்டென்று மோனோகுலரை அவர் கையில் திணித்தாள். அவர் அதைக் கண்ணில் வைத்தபோது கூடு இருந்த இடமும் போய்விட்டது. பறவைகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, முன்பைவிடப் பக்கத்தில் இருப்பது போல. படகைத் திருப்ப வேண்டும், பனி இனி இன்றைக்கு விலகாது என்று தலைவி வருத்தத்தோடு சொன்னாள். வாத்தியார் கண்ணிலிருந்து அதை எடுக்கவில்லை. படகு திரும்பி, சத்தமும் நின்ற பிறகும், வெள்ளையைப் பார்த்தபடியே நின்றார். அவருக்கு மிகப் பொருத்தமான கருவி அது. கை ஆடவே இல்லை.

கரைக்கு வந்து, விடுதி அறையில் தரையில் போட்ட மெத்தைமேல் உட்கார்ந்ததும், என்ன பார்த்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். கோரை, இரண்டு குஞ்சு, வாய்க்குள் போன தலை, நெஞ்சில் மஞ்சள். நடுநடுவே அவர் நிறுத்திக் கேட்டார்: மஞ்சள் எதுவரைக்கும், குஞ்சின் அலகு என்ன நிறம், எந்தக் காலை முதலில் ஊன்றி இறங்கியது என்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

"கடையில அன்னிக்கே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது எதுவும் இதற்கு ஈடாகப் படவில்லை.

"நீங்க என்னைக் கேட்டீங்க," என்றாள். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா கேட்டீங்க. சட்டுன்னு ஆத்திரம் வந்துருச்சு."

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு கேட்டார். "பனி வரும்னு தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் குழு நூலகக் கூடத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தது. வாத்தியார் கூடுகளைக் கண்டுவந்ததைப் பற்றிப் பேசுவார் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையேறி, கோரையடுக்கிலிருந்து தொடங்கி, குஞ்சு தலையை நுழைத்ததையும் மற்றது அதன் முதுகை மிதித்ததையும் சொன்னார். அவள் சொன்ன சொற்களிலேயே சொன்னார். இன்னும் சொல்லப்போனால் அவளைவிட நன்றாகச் சொன்னார். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. மூன்றாவது வரிசையில் பான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகில் நடந்தது அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "சிகுல வளையம் மாட்டின நம்ம பறவை எதையாவது அங்க பாத்தீங்களா, சார்?"

பான் தலையைத் தூக்கினார். அப்படி ஒன்றைப் பார்த்ததை அவர் படகிலேயே எழுதி வைத்திருந்தார். அறிக்கையில் அது வரும். பாவ்ஜூ சொல்லாமல் வைத்துக்கொண்டதும் அதுதான்.

"இல்லம்மா," என்றார் வாத்தியார். "அன்னிக்கு என் கண்ணுல படல."

சொல்லிவிட்டு, எதற்கோ, மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அறிக்கை வர இரண்டு மாதம் ஆகும், வந்தாலும் எத்தனை பேர் படிப்பார்கள். இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தடவை பனி மேல் பழி போட முடியாது என்பதும் தெரிந்தது.

"ஒண்ணு இருந்துச்சு," என்றாள். "பச்சை வளையம். அதுதான் அந்த ரெண்டு குஞ்சுக்கும் அம்மா."

கூடம் திரும்பியது. எந்த எண், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், குஞ்சு எத்தனை நாள் வயதிருக்கும் என்று கேள்விகள் அவள் பக்கம் வந்தன. அவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னதும், வாத்தியார் மேடையிலிருந்து பார்த்துப் பார்த்துப் படியிறங்கி வந்து, மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் அதில் உட்காராமல் சுவரோரம் போய் நின்றார்.

டிசம்பரில் ஒருநாள் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை மேஜைமேல் வைத்தார். "உனக்குத்தான்."

பான் தயங்கித் தயங்கிப் பேசினார். இந்த வருஷம் மணல்திட்டை அண்ணி எண்ணித் தர வேண்டும், வாத்தியாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அண்ணியே பக்குவமாகச் சொல்லிவிட்டால் நல்லது என்றார். வாத்தியார் இரண்டடி தள்ளி நின்று, காலண்டரில் ஏதோ தேதியைத் தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவ்ஜூ சரி என்றாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கணக்கெடுப்பு நாளன்று விடிந்ததும் அவள் எழுந்து வந்தபோது, அவர் அவளுக்கு முன்பே எழுந்து சவரம் செய்து, குழுவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ரப்பர் பூட்ஸ் ஏறியிருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. கூட வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அவள் தன் பூட்ஸைப் போட்டுக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெப்பத்துல நாலு பேருக்குத்தான் இடம்," என்றாள் பாவ்ஜூ. "இந்தத் தடவை ஆள் நெறைஞ்சுருச்சாம்."

அந்தத் தெப்பத்தில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். இருபத்திரண்டு வருஷம் அதில் போய்வந்தவர் அவர்.

"சரி," என்றார். "காத்து பலமா இருக்கு. காதை மூடிக்க."

அவள் கழுத்துத் துணியைக் காதுவரை ஏற்றிச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். உப்பளப் பாதையில் திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வர நேரம் இருந்தது. ஒரு லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. அவள் ஓரம் ஒதுங்கி அதை முன்னால் விட்டுவிட்டு, தெப்பத்துறைப் பக்கமே போனாள்.